பின்தாளில் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸ்

கடதாசி பேணும் தொழிலில் இருக்கும் ஓர் இளம்பெண் அண்மையில் எனக்குத் தொலைபேசினாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்தவள். பழைய படங்களின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் பின்தாள்களைப் பற்றிக் கேட்டாள்.

"அங்கிள், எங்கட புது சிஸ்டத்திலை ரெண்டு பொக்ஸ்தான் இருக்கு. பின்தாளைக் கழட்டினதோ, கழட்டேல்லையோ. கழட்டினதை என்ன செய்தனீங்கள் எண்டு அது கேக்கவே இல்லை. போட்டோ எடுத்துப்போட்டு எறியட்டோ?"

"எறியாதை," என்றேன்.

"ஏன் எண்டு கேட்டால் மனேஜருக்கு என்ன சொல்லுறது?"

"எழுதித் தாறன். அதைக் காட்டு."

அவளுக்கு எழுதிக் கொடுத்ததே இந்தக் கட்டுரை. ஓய்வுபெற்றவனிடம் இளையவர்கள் ஆறிப்போன நினைவுகளையே எதிர்பார்க்கிறார்கள். இந்த விடயத்தில் நான் ஆறவில்லை. ஆற உத்தேசமும் இல்லை.

இரசாயனவியலில் பட்டம் பெற்று, எண்பதுகளின் நடுப்பகுதியில் அரசியல் தஞ்சம் கோரி இலண்டனுக்கு வந்தேன். பகலில் ஒரு பெட்ரோல் நிலையம், மாலையில் ஒரு வகுப்பு என்று சில ஆண்டுகள் கழிந்தன. கடதாசியின் அமிலத்தன்மை பற்றி அந்த வகுப்பில் நான் எழுதிய ஒரு பயிற்சிக் கட்டுரை மிஸ் லாங்லி என்பவரின் கைக்குப் போனது. அவர் நகரின் நடுவே ஒரு சந்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு மேல்மாடியில், பழைய அச்சுப்படங்களைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்தார். என்னை அழைத்து ஒரு வெற்றுத்தாளைத் தந்தார். "இதை அந்த மேசைக்குக் கொண்டுபோங்கள்" என்றார். இரு கைகளாலும் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் தூக்கினேன். அதுவே நேர்முகத் தேர்வு.

அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாவிட்டால் பின்னர் நடந்தது விளங்காது. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார், படத்தில் உரசிவிடக்கூடாது என்பதற்காக. என் முழுப்பெயரான சண்முகநாதனை ஒரு வாரம் பழகிப் பிழையின்றிச் சொன்னார், சொல்ல முடியும் என்று காட்டிய பிறகு, "இனி நாதன் என்று கூப்பிடலாமா?" என்று அனுமதி கேட்டார். ஒருபோதும் "கூடாது" என்று சொல்லமாட்டார். "நான் யோசிக்கிறேன்" என்பார்; நாங்கள் கையை எடுத்துவிடுவோம். ஒவ்வொரு வேலை முடிவிலும், செய்தவர் தன் கையால் வேலைக்குறிப்பு எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலத்தாள் படத்தின் சொந்தக்காரருக்கு. கார்பன் பிரதி இலக்கமிட்ட பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளும் கிழிக்கப்படக்கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தமாக எழுத வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியவர் அவரே. இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எங்களிடம் வந்த வேலைகளில் பெரும்பங்கு ஜப்பானிய மரப்பலகை அச்சுப்படங்கள். இன்று அவை கண்ணாடிக்குப் பின்னால் மங்கிய வெளிச்சத்தில் தொங்குகின்றன. பிறந்தபோது அவை அப்படிப்பட்ட பொருள்களல்ல. கபுகி நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் நடிக்கும் நடிகரின் உருவத்தை ஓவியர் வரைய, ஒருவர் பலகையில் செதுக்க, இன்னொருவர் நிறம் பூசி அச்சடிக்க, அரங்குக்குப் போன சாதாரண மக்கள் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். எங்கள் ஊர் மேடையில் ஸ்திரீபார்ட் என்போமே, அதுதான். ஒரு காலத்தில் அந்த நாட்டு அரசு, மக்கள் நடிகர்மேல் பித்தாய்த் திரிவதைப் பொறுக்காமல், நடிகர் படங்களுக்குத் தடை போட்டது. அச்சிடுவோர் சில காலம் அடங்கி இருந்தார்கள். பின்னர் படங்களை மறுபடி வெளியிட்டார்கள், நடிகரின் பெயரை மட்டும் போடாமல். முகம் அதே முகம். சட்டைக்கையில் அந்த நடிகர் குடும்பத்தின் இலச்சினை. வாங்கியவனுக்கு ஆள் யாரென்று தெரியும், அதிகாரிக்கும் தெரியும். எழுத்தில் இல்லை என்பதால் ஒன்றும் செய்ய முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆல்ட்ரிஜ் என்ற வியாபாரி அத்தகைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அருகருகே வைத்தால் ஒரே காட்சியாகும் மூன்று தாள்கள். நடுத்தாளில் ஊதா உடை அணிந்த ஒரு பெண் பாத்திரம் குடையைச் சாய்த்துத் திரும்பிப் பார்க்கிறது. இடப்பக்கத் தாளில் வாளேந்திய வீரன். வலத்தாளில் படகுக்காரன். பெண் உருவத்தின் சட்டைக்கையில் இருந்த இலச்சினையை வைத்து, அது தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஒரு பெரும்பெயரைத் தாங்கிய நடிகர் என்று ஆல்ட்ரிஜ் அறிவித்திருந்தார். ஏலப் பட்டியலும் அச்சாகிவிட்டது. மூன்று தாள்களுக்கும் பின்னால் தடித்த பின்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அது காய்ந்து இழுத்து, படத்தை வளைத்துவிட்டது. அதை உரித்து, படத்தை நிமிர்த்துவது என் வேலை.

பழுது கூடிய தாளிலேயே முதலில் தொடங்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அது வலத்தாள். ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஊசிமுனையளவு நீர்த்துளி வைத்து, ஒற்றுத்தாளால் அழுத்திப் பார்த்தேன். ஊதா கசிந்தது, மற்றவை நின்றன. ஆகவே ஊதா இருக்கும் இடங்களில் ஈரம் குறைவாகவும் மற்ற இடங்களில் மெதுவாகவும் ஏற்ற வேண்டும். படத்தைக் குப்புறக் கிடத்தி, தூரிகையால் பின்தாளுக்கு மட்டும் நீர் கொடுத்து, பழைய மாப்பசை இளகும்வரை காத்திருந்தேன். இளகியதும் விரல் நுனியால் பின்தாளை ஓரத்திலிருந்து உருட்டி உருட்டி எடுத்தேன். அது சிறு சுருள்களாக வந்தது. ஈரம் ஏறியபோது உள்ளே கருமையான கோடுகள் தெரிந்தன. படத்தின் கறுப்பு மை பின்பக்கம் ஊறித் தெரிகிறது என்று நினைத்தேன். சுருள்களைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பின்தாள் குப்பை; அப்படித்தான் எல்லாப் பட்டறைகளிலும்.

பிற்பகல் நடுத்தாளை எடுத்தேன். ஈரம் ஏறியதும் அதிலும் கருமை தெரிந்தது. ஆனால் அது தெரிந்த இடத்துக்கு நேர் முன்புறம் வெறும் வானம். அங்கே மையே இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். பின்தாள் இரண்டு படையாக இருந்தது. வெளிப்படை வெறுந்தாள். உட்படை அச்சிட்ட ஒரு தாள். அதில் எழுத்துகள் நெடுக்குக் கோடுகளாக நின்றன. ஒரு முனையில் பருத்த எழுத்துகள், போகப்போகச் சிறுத்து, மறுமுனையில் எறும்பளவு. ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு வட்ட இலச்சினை. எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகக் காலத்தில் எங்கள் நாடகக் குழுவுக்கு நோட்டீஸ் அடிப்பிக்க அச்சகத்தில் போய் நிற்பவன் நான். ராஜபார்ட்டின் பெயர் எவ்வளவு பருமன், ஸ்திரீபார்ட்டின் பெயர் அதற்கு எவ்வளவு குறைவு, ஆர்மோனியக்காரர் எந்த மூலையில் என்பதில் ஒரு நூல் பிசகினால் மேடை ஏறமாட்டார்கள். பெயர் சிறுத்துவிட்டதென்று ஒருவர் அரிதாரத்தோடு வீட்டுக்குப் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் படிவரிசை எந்த மொழியில் இருந்தாலும் எனக்குத் தெரியும். என் முன்னால் இருந்தது நாடக நோட்டீஸ். இரு ஓரங்களிலும் எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன; ஒரே நோட்டீஸை மூன்றாய் வெட்டி மூன்று தாள்களுக்கும் ஒட்டியிருந்தார்கள். அதில் மூன்றிலொன்று குப்பைத்தொட்டியில் கிடந்தது.

இரு கைகளையும் தொட்டிக்குள் விட்டேன். மிஸ் லாங்லி நிமிர்ந்து பார்த்தார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"நாதன், அது குப்பைத்தொட்டி."

"தெரியும், மிஸ் லாங்லி. எறியக்கூடாததை எறிந்துவிட்டேன்."

"பின்தாளை எறிவது பிழையல்ல."

"இது நாடக நோட்டீஸ்."

"உங்களுக்கு அந்த மொழி தெரியாதே."

"நோட்டீஸ் தெரியும்."

அவர் எழுந்து வந்து நடுத்தாளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் நீர் நிரப்பி என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

சுருள்களை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட்டு, தூரிகை முனையால் விரித்தேன். இரண்டு நாள் எடுத்தது. பல சுருள்கள் என் விரல் பட்டே கூழாகியிருந்தன. மற்ற இரு துண்டுகளையும், இப்போது எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி, முழுதாகப் பிரித்தெடுத்தேன். அவ்வப்போது பட்டறைக்கு வந்து எழுத்துகளை வாசித்துத் தரும் திருமதி ஒகாடா என்ற ஜப்பானியப் பெண்மணி, மூன்றையும் சேர்த்துவைத்து வாசித்தார். அரங்கின் பெயர் இருந்தது. நாடகத்தின் பெயரில் பாதி இருந்தது. நடிகர்களும் அவர்களது பாத்திரங்களும் இருந்தன. ஒரே இலச்சினை இரண்டு பெயர்களின் தலையிலும் இருந்தது. ஒன்று அந்தப் பெரும்பெயர், வாளேந்திய வீரனுக்கு. மற்றது சிறிய எழுத்தில் அவருடைய சீடன் ஒருவனின் பெயர், குடை பிடித்த பெண்ணுக்கு.

"மாதம் எங்கே?" என்று திருமதி ஒகாடா கேட்டார். "ஆண்டும் மாதமும் வலது ஓரத்தில்தான் இருக்க வேண்டும்."

வலது ஓரத்தைக் கூழாக்கியவன் நான்.

ஆல்ட்ரிஜ் வந்தபோது மூன்று படங்களும் மூன்று துண்டுகளும் மேசையில் இருந்தன. அவர் படங்களைப் பார்த்து மகிழ்ந்தார். துண்டுகளைப் பார்க்கவில்லை.

"உங்கள் உதவியாளர் நல்ல கைகாரர், மிஸ் லாங்லி. கொஞ்சம் அதிகமாகவே வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுடைய அந்த நோட்டீஸ் எந்த ஆண்டுடையது?"

"தெரியவில்லை."

"ஏன் தெரியவில்லை?"

"அந்தப் பகுதியை நான் அழித்துவிட்டேன்."

"ஆக, அதே நாடகம் வேறொரு ஆண்டில், வேறு நடிகரோடு நடந்ததற்கான நோட்டீஸாக இருக்கலாம் அல்லவா? அந்தக் காலத்துப் பழங்கடதாசி, பசை போட எடுத்தது. என்னுடைய பொருளிலிருந்து உரித்த குப்பை. குறிப்பில் அது வேண்டாம். 'பின்தாள் அகற்றப்பட்டது' என்றால் போதும்."

அவர் வாதம் முட்டாள்தனமானதல்ல. அதை வேண்டுமென்றே யாராவது படத்தின் பின்னால் ஒளித்துவைத்தாரா, அல்லது கையில் கிடைத்த கடதாசியை ஒட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. ஆனால் நோட்டீஸ் சரியா பிழையா என்று தீர்ப்பது என் வேலை அல்ல. அங்கே அது இருந்தது என்று எழுதுவதே என் வேலை. மாதம் இல்லாததால் பெயர்களும் இல்லை என்று ஆகிவிடுமா?

அவர் போன பிறகு மிஸ் லாங்லி தன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பட்டறையில் பாதி மேசைகள் அவருடைய வேலையால் நிற்கின்றன, நாதன். அவர் கேட்ட வசனத்தை எழுதுங்கள். அது பொய்யல்ல."

"முழுமையும் அல்ல."

"நான் யோசிக்கிறேன்," என்றார். அதன் பொருள் எனக்குத் தெரியும். "திங்கட்கிழமை குறிப்பு என் மேசையில் இருக்கட்டும்."

அப்போது நாங்கள் கிழக்கு இலண்டனின் அப்டன் பார்க்கில், ஒரு சேலைக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். எங்கள் தஞ்ச விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. ஒரு தடவை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டில் இருந்தது. நிலையான வேலை இருப்பதாகப் பட்டறையிலிருந்து கடிதம் வாங்கித் தரும்படி எங்கள் சட்டத்தரணி கேட்டிருந்தார். அதைத் தர வேண்டியவர் மிஸ் லாங்லி. வேலை போனால் என்ன போகும் என்பதை நான் கணக்கில் எடுக்காமல் இல்லை. என் மனைவி வசந்தி எனக்கும் மேலாக எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, ஃபைல் குரோய்டனிலை கிடக்கேக்கை, ஆரோ செத்துப்போன கூத்தாடிக்காகச் சண்டை பிடிக்கப்போறியளோ?"

"சண்டை இல்லை. கையெழுத்துப் போடமாட்டன் எண்டுதான்."

"அதுக்கு இங்கிலீசிலை சண்டை எண்டுதான் பேர்." சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒரு கடதாசிக்காக."

"மூண்டு கடதாசி."

"பகிடி விடாதையுங்கோ." ஆனால் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்த மாதத்தை நீங்கள்தான் எறிஞ்சனீங்கள் எண்டதையும் எழுதுவியளோ?"

"அதைத்தான் முதல் எழுதுவன்."

வசந்தி கறிச்சட்டியை மூடிவைத்தாள். முதல் மறுப்புக் கடிதத்தில் எங்களுக்கு எழுதப்பட்டிருந்த காரணம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய தம்பி பிடிபட்ட திகதியை இரண்டு நேர்முகங்களில் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அப்படியொரு சம்பவம் நடந்ததாக நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"திகதி பிழைச்சதாலை என்ரை தம்பி இல்லை எண்டு ஆகிட்டானோ?" என்றாள். "போடாதையுங்கோ கையெழுத்து. ஆனா கடிதத்தை முதல் கேட்டு வாங்குங்கோ, பிறகு மறுங்கோ."

"அது ஏலாது, வசந்தி."

"தெரியும், ஏலாது எண்டு. கேட்டுப் பாத்தனான்."

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பின்னாளில் இந்தக் கதையைக் கேட்ட சக பணியாளர் பலர், "எல்லாவற்றையும் இழந்து வந்தவர், ஒரு துண்டுக் கடதாசியையும் விட மனம் வராதுதானே" என்று அன்போடு சொல்லியிருக்கிறார்கள். அந்த அன்பை நான் ஏற்கவில்லை. அகதியின் துக்கத்தால் நான் மறுக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாத, இந்த நாட்டிலேயே பிறந்த ஒருவர் என் இடத்தில் இருந்தாலும் மறுத்திருக்க வேண்டும். தொழில் என்பது அதற்குத்தான்.

திங்கட்கிழமை காலை குறிப்பை வைத்தேன். முதல் வசனம்: "வலத்தாளின் பின்தாளை ஆராயாமல் உருட்டி எடுத்து எறிந்தேன், அதனால் அதிலிருந்த காலக்குறிப்பு அழிந்தது, பிழை என்னுடையது." அதன் பிறகு நோட்டீஸின் விவரம், திருமதி ஒகாடாவின் வாசிப்பு, புகைப்படம். மீதி, எந்தத் தாளை எவ்வளவு நேரம் நனைத்தேன் என்பது. இலக்கமிட்ட பதிவேட்டில், கார்பன் வைத்து எழுதியிருந்தேன்.

மிஸ் லாங்லி நின்றபடியே வாசித்தார். "உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி எழுதியிருக்கிறீர்கள்."

"அது இல்லாமல் மற்றதை யார் நம்புவார்கள்?"

அன்று பிற்பகல் ஆல்ட்ரிஜ் வந்து வாசித்துவிட்டு, மூலத்தாளை நான்காகக் கிழித்துத் தன் பைக்குள் போட்டார். மூன்று துண்டுகளையும் ஓர் உறையில் எடுத்துக்கொண்டார். சட்டப்படி அவை அவருடையவை. பிறகு பதிவேட்டுக்குக் கை நீட்டினார்.

மிஸ் லாங்லி தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். "மூலம் உங்களுடையது, ஆல்ட்ரிஜ். கிழிக்கலாம். பிரதி பட்டறையுடையது."

"ஒரு தாள்தானே."

"இந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தாளும் போவதில்லை."

ஆல்ட்ரிஜ் போனார், அவருடைய வேலைகளும் போயின. ஏலம் பட்டியலில் இருந்தபடியே நடந்தது. மாத முடிவில் மிஸ் லாங்லி என்னைப் போகச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் காப்பாற்ற வேறு இருவரின் மேசைகள் இருந்தன. அவர் தந்த சான்றிதழ்க் கடிதத்தில், நான் வேலை செய்த காலமும் என் திறமைகளும் எழுதிய பின், கடைசியில் ஒரு வரி இருந்தது: "தான் காணாததை எழுதவோ கண்டதை விடவோ இவரைச் சம்மதிக்கவைக்க முடியாது, நான் முயன்றேன்." அதோடு, யாரும் கேட்காமலே, என் குறிப்பின் பிரதியைப் படியெடுத்து மடித்து வைத்திருந்தார். அந்தக் கடிதம் குரோய்டனுக்கும் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து எங்களுக்கு அனுமதி கிடைத்தது. கடிதத்தால் கிடைத்ததென்று நான் உரிமை கொண்டாடமாட்டேன். எனக்கு அடுத்த வேலை அந்தக் கடிதத்தால்தான் கிடைத்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் அந்த மூன்று தாள்களும் ஒரு பொதுச் சேகரிப்பின் கண்காட்சியில் தோன்றின. வசந்தியோடு போனேன். ஊதா உடை நான் விட்டபடியே இருந்தது. கீழே அட்டையில் அந்தப் பெரும்பெயர்.

"இவனோ உங்கட ஆள்?" என்றாள் வசந்தி, குடை பிடித்தவளைக் காட்டி.

"இவன்தான்."

"என்ன வடிவாத் திரும்பிப் பாக்கிறான்."

வீட்டுக்கு வந்ததும் பிரதியை இணைத்துக் கடிதம் எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. நோட்டீஸின் துண்டுகள் தங்களிடம் வந்து சேரவில்லை என்றும், அதன் காலம் நிறுவப்படாததால் அட்டையை மாற்ற இயலாதென்றும் எழுதியிருந்தார்கள். அதன் பின் அந்தப் படம் இருமுறை வெளியே வந்தது. இருமுறையும் எழுதினேன். இருமுறையும் அதே பதில். இரண்டாவதில், என் கடிதங்கள் படத்தின் கோப்பில் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி கூடியிருந்தது.

பெரும்பெயர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அவர்களுக்கு ஏலப் பட்டியல் இருக்கிறது. அந்தச் சீடனுக்கு இருந்தது ஒரு நோட்டீஸின் ஓரத்தில் சிறிய எழுத்து. அரசு அவன் பெயரைப் படத்தின் முன்பக்கத்திலிருந்து எடுத்தது, வியாபாரி பின்பக்கத்திலிருந்து எடுத்தார், நடுவில் நானும் என் பங்குக்கு வலது ஓரத்தைக் கூழாக்கினேன். இப்போது ஒரு கணினித் திரை, கேள்வியையே கேட்காமல் மிச்சத்தையும் எடுக்கப் பார்க்கிறது.

ஆகவே, மகளே, உன் மனேஜரிடம் இதைக் காட்டு. திரையில் இடமில்லை என்றால் தாளில் எழுது. உன் பிழை இருந்தால் அதை முதல் வரியில் எழுது. பிறகு உன்னை யாரும் அதைக் கொண்டு மிரட்ட முடியாது. வரும் இளவேனிலில் அந்தப் படம் மறுபடி காட்சிக்கு வருவதாக அறிகிறேன். என் கடிதம் ஏற்கெனவே தபாலில் இருக்கிறது. அதன் முதல் வரி எப்போதும்போல, மாதத்தைத் தொலைத்தவன் நான் என்பது. இரண்டாவது வரி அவனுடைய பெயர்.